ஒன்பதாம் அங்கத்துப் பஞ்சம்

1876-ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று அழைத்தனர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர் ஒடிசாவைச் சூறையாடிய பஞ்சத்தை அந்நாட்டார் ‘நஅங்க துர்பிக்ஷம்’ என்கின்றனர். பூரி கஜபதி மன்னரின் ஆட்சியாண்டுக் கணக்கே அங்கம்; நஅங்கம் என்பது ஒன்பதாம் அங்கம். துயரத்தை ஆண்டின் பெயரால் நினைவிற் கொள்வதில் இரு மொழியினரும் ஒத்திருக்கின்றனர். கட்டாக்கிலும் புவனேசுவரத்திலும் வாழும் நம்மவர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

1865-ஆம் ஆண்டில் பருவமழை உரிய காலத்துக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. அந்நாட்டின் முதன்மை விளைவாகிய குளிர்கால நெல் பொய்த்தது. எனினும், மழை நின்ற அன்றே மக்கள் மடிந்துவிடவில்லை. விளைச்சல் பொய்த்ததற்கும் பெருஞ்சாவுக்கும் இடையே பல மாதங்கள் இருந்தன. அம்மாதங்கள் எவ்வாறு கழிந்தன என்பதே நாம் ஆராய வேண்டுவது.

அப்போது கட்டாக்கில் கமிஷனராக இருந்தவர் ரேவன்ஷா. 1866-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரிசியை வெளியிலிருந்து தருவிக்க அவர் அனுமதி வேண்டினார். கல்கத்தா அதிகாரிகள் மறுத்தனர். தட்டுப்பாடு உண்டெனில் விலை ஏறும், விலை ஏறினால் வணிகர் தாமே தானியம் கொணர்வர் என்பது அவர்கள் கொள்கை. ஆனால், ஒடிசாவுக்குத் தக்க சாலைகள் இல்லை; வாங்குவோர் கையில் பொருளும் இல்லை. ஆட்சியினர் மனம் மாறி அரிசி அனுப்ப முற்பட்டபோது தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டது. கொந்தளிக்கும் கடலில் கப்பல்களிலிருந்து மூட்டைகளை இறக்குதல் அரிதாயிற்று. பின்னர் பெய்த பெருமழையால் தாழ்நிலங்களில் வெள்ளம் புகுந்தது. வறட்சியில் தப்பியவரை வெள்ளம் வருத்தியது.

ஏறத்தாழப் பத்து லட்சம் பேர், அதாவது மக்களில் மூன்றில் ஒரு பங்கினர், உயிரிழந்தனர் என்பது மதிப்பீடு. எஞ்சியோரின் துன்பமும் எளிதன்று. கஞ்சித் தொட்டிகளாகிய சத்திரங்களில் உண்டு பிழைத்தவர்களைச் ‘சத்திரகியா’ என்று இகழ்ந்து, அவர்தம் சாதியார் விலக்கி வைத்தனர். பசி தணிந்த பின்னரும் அவ்வடு மறையவில்லை. ஆகவே, இத்தகைய இடரின் அளவை இறந்தோர் எண்ணிக்கை ஒன்றால் மட்டும் அறிதல் இயலாது.

அப்பஞ்ச ஆண்டிலேயே கௌரிசங்கர் ராய் கட்டாக்கிலிருந்து ‘உத்கல தீபிகா’ என்னும் வார இதழைத் தொடங்கினார். மக்கள் குறையை எடுத்துரைக்க ஒரு குரல் பிறந்தது. ஜார்ஜ் காம்ப்பெல் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு ஆட்சியினரின் தவறுகளை 1867-இல் வெளிப்படுத்தியது.

அதே கடற்கரையை 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் பெரும்புயல் தாக்கியபோது ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். அதன்பின் புயற்காப்பிடங்கள் பெருகின. எச்சரிக்கை முறைகள் சீர்பெற்றன. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘பைலின்’ புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; இறந்தோர் சில பத்துப் பேரே. வீடும் பயிரும் இழந்தோர் பலர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

வானத்தை நாம் ஆள இயலாது. மழை பொய்த்த நாளுக்கும் அடுப்பு அணைந்த நாளுக்கும் இடையிலுள்ள காலமோ நம் கையில் உள்ளது. அக்காலத்தை வீணாக்கியோரின் வரலாறே ஒன்பதாம் அங்கத்துப் பஞ்சம்.