விருந்தினர் விட்டுச்சென்ற சுவை

மன்னாருக்கு வருவோரைப் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடிக்கு அழைத்துச் செல்வது நம்மவர் வழக்கம். அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர், உயரமோ 7.5 மீற்றர்தான். வயது எழுநூறு என்பர். அராபிய வணிகர் ஒட்டகத் தீனிக்காகக் கொண்டுவந்து நட்டனர் என்பது ஊர்வழக்கு. ஆபிரிக்காவில் இதன் தளிரைக் கறியாக்குவர்; கனியின் புளிப்புச் சதையைக் கரைத்துக் குடிப்பர். இங்கோ மரம் மட்டுமே நிலைத்தது.

கடல் கடந்து வந்தவர்கள் என்ன உண்டார்கள்? விடை பாலத்துக்கு அப்பால், திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தை மேட்டில் இருக்கிறது. 2009, 2010ஆம் ஆண்டுகளின் அகழ்வில் நெல்லோடு மிளகும், ஒரேயொரு கராம்பும், கோதுமையும், திராட்சை விதையும் கிடைத்தன. கராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. அன்று அது விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். திராட்சை விதை 650க்கும் 800க்கும் இடைப்பட்டது. உலர்ந்த பழமாகக் கப்பலேறி வந்திருக்கும் என்பது என் எண்ணம். மன்னார்க் கோட்டையைவிட அந்த விதையே எனக்கு நெருக்கமாகப் படுகிறது. யாரோ ஒருவர் தின்று துப்பியது அல்லவா!

திராட்சை மதுவுக்கு இந்த மணலில் தேவை இருக்கவில்லை. பனை இருந்தது. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள்.

ஒடியற்கூழை நாம் நமக்கே உரியது என்கிறோம். பனங்கிழங்கின் மாவும் நண்டும் இறாலும் மீனும் நம்முடையவை, சரி. புளியின் தாயகம் ஆபிரிக்கா. செத்தல் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்த காலத்தில்தான் மிளகாய் இப்பக்கம் பரவிக்கொண்டிருந்தது; அதற்கு முன்னர் உறைப்புக்கு மிளகுதான். மரவள்ளி ஒல்லாந்தர் ஆட்சியில் வந்து சேர்ந்தது. இப்படி, வந்த சுவையை எல்லாம் ஒரே பானைக்குள் சேர்த்துக்கொண்ட கரை இது.

அந்தக் கரையிலிருந்துதான் 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். பலநூறு ஆண்டுகள் எரிந்த அடுப்புகள் சில நாட்களில் அணைந்தன. பலர் புத்தளத்தில் முகாம் வாழ்க்கை வாழ்ந்தார்கள். போருக்குப் பின் ஒரு பகுதியினர் திரும்பினர். வேறு பலர் அங்கேயே தங்கிவிட்டனர்.

அதே 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் 2015இல் மீண்டும் ஓடியது. இன்று வருவோர் மரத்தைப் படம் பிடிக்கிறார்கள். மாந்தை மேட்டைப் பலரும் கவனியாமலே கடந்துபோகிறார்கள். அவர்களுக்கு ஒரு சிரட்டை கூழ் வார்த்து, அதனுள் இருப்பவர்கள் எங்கெங்கிருந்து வந்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆசை.