'மருந்து' என்னும் சொல்லும் எல்லைப்புற வீட்டுத் தோட்டங்களும்

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியைத் தமிழ் உழவரும் மலையாள உழவரும் 'மருந்து' என்றே வழங்குவர். பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம் வட்டத்திலும் இவ்விரு மொழியினரும் கலந்து வாழ்கின்றனர். ஆதலின் இச்சொல்லின் வரலாற்றை ஆராய அவ்வெல்லைப்புறம் ஏற்ற களமாகும். சுரபாலரின் 'விருட்சாயுர்வேதம்' மரநோய்களை வாத, பித்த, கப வேறுபாட்டால் வகுக்கின்றது. ஆக்ஸ்போர்டுச் சுவடியிலிருந்து அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1996இல் வெளிவந்தது. பயிரை நோயாளியாகக் கருதும் இம்மரபே சொல்லாட்சிக்கு அடிப்படை எனக் கொள்ளலாம். எனினும் அதனை நிறுவுதல் அரிது.

1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்திற்கு வித்திட்டது இக்கொடுநிகழ்ச்சியே. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் விளைத்த கேடு பின்னர் வெளிப்பட்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதனை நாடு முழுவதும் தடை செய்தது.

கேரளம் தன் காய்கறித் தேவையின் பெரும்பகுதிக்கு அண்டை மாநிலங்களைச் சார்ந்துள்ளது. தமிழகக் காய்கறிகள் அங்கு நுழையும் வாயில்களுள் வாளையாறும் குமுளியும் முதன்மையானவை. 2015இல் அக்காய்கறிகளில் நஞ்செச்சம் உள்ளதெனக் கேரளத் தரப்பு கூற, தமிழகத் தரப்பு மறுத்தது. இவ்வழக்கில் மொழியெல்லையும் மாநில எல்லையும் ஒன்றெனக் கொள்ளல் பிழையாகும்; இடுக்கியின் வட்டவடையிலும் காந்தளூரிலும் காய்கறி விளைவிப்போருள் தமிழர் பலர். அச்சத்தின் விளைவாக முற்றங்களிலும் மாடிகளிலும் தோட்டங்கள் பெருகின. கேரள வேளாண் துறையின் 'ஓணத்துக்கு ஒரு முறம் பச்சக்கறி' என்னும் திட்டமும் இதற்குத் துணை நின்றது. முறம் இருமொழிக்கும் பொதுவான சொல் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இத்தோட்டங்களில் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் எதிராக வேப்பெண்ணெய்–பூண்டுக் கலவையே பெரிதும் பயன்படுகின்றது. ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய், 20 கிராம் பூண்டின் சாறு, 5 கிராம் சோப்பு என்பது அளவு. சோப்பின்றி எண்ணெய் நீரில் கலவாது. திரண்ட எண்ணெய் இலையைக் கருக்கும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்வதன்று. அது உண்பதைத் தடுத்து, தோலுரித்து வளர்வதைக் குலைக்கின்றது. வெயிலில் விரைந்து சிதைவதால் மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தல் வேண்டும். 'பூச்சிவிரட்டி' என்னும் புதுச்சொல் இவ்வியல்பை ஓரளவு உணர்த்துகின்றது.

பாகலைத் தாக்கும் பழ ஈ பிஞ்சின் தோலுக்குள் முட்டையிடுவதால் தெளிப்பு ஆங்குச் சென்று சேராது. பிஞ்சைத் தாளுறையால் மூடுதலும், உதிர்ந்த காயை அகற்றி அழித்தலுமே பயன் தருவன.

புகையிலைச் சாற்றின் நிலை வேறு. அதன் ஆற்றலுக்குக் காரணமான நிகோட்டின் மாந்தர்க்கும் கடுநஞ்சாகும். செடியினின்று கிடைப்பதாலேயே தீங்கற்றதென எண்ணுதல் தவறு. தெளித்தவுடன் காய் பறித்தலும் கூடாது. இருந்தும் இரு மொழியிலும் அதற்கு வழங்கும் பெயர் புகையிலைக் கஷாயம் என்பதே.