இரு மொழி அட்டை

சித்தப்பாவின் இலங்கை அடையாள அட்டை இப்போது ஸ்காபரோவில், அவருடைய கனடியக் குடியுரிமைப் பத்திரத்தோடு ஒரே உறையில் இருக்கிறது. லேமினேட் செய்த பழைய அட்டை. ஒன்பது இலக்கங்கள், முடிவில் 'வி' என்ற ஆங்கில எழுத்து. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்று சொல்லும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். பெயர், தொழில், பிறந்த இடம், முகவரி எல்லாம் சிங்களத்திலும் தமிழிலும் இருக்கின்றன.

அந்தத் தமிழ் வரிகள் சும்மா வந்துவிடவில்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. அதை எதிர்த்து ஜூன் 5ஆம் திகதி காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் அடித்து விரட்டப்பட்டார்கள். 1958இல் தமிழுக்கென்று ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. அதற்கான ஒழுங்கு விதிகள் நிறைவேற 1966 ஆயிற்று. இடையில், அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன் சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார் என்பதற்காக அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அந்த வழக்கு 1969இல் லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது.

அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது 1972இல். வடக்கு கிழக்கில் வழங்கிய அட்டைகளில் இரண்டு மொழி. தெற்கில் வழங்கியவற்றில் சிங்களம் மட்டும். கிராம விதானையார் கையெழுத்து வைத்து அனுப்பிய சித்தப்பாவின் விண்ணப்பம் கொழும்பு ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போய், தமிழ் எழுத்தோடு அட்டையாகத் திரும்பியது. தன் பெயரைத் தன் மொழியில் பார்த்த சந்தோஷம் அவருக்கு இருந்திருக்கும்.

போர் வந்ததும் அந்த வரியே அடையாளம் காட்டிக்கொடுத்தது. சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் பெயரை வாசிக்க வேண்டியதில்லை. அட்டையில் தமிழ் எழுத்து இருந்தாலே ஆளைத் தனியாக நிறுத்தப் போதும். வவுனியாவைத் தாண்டப் பாஸ், வெள்ளவத்தை லொட்ஜில் பொலிஸ் பதிவு, இரவில் சுற்றிவளைப்பு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து துரத்திய முஸ்லிம்களின் அட்டையிலும் இதே தமிழ்தான் இருந்தது.

1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்று எழுதியது. பொலிஸ் நிலையத்துக்குள் அது எவ்வளவு தூரம் போனது? 1993இல் கைதான நல்லரத்தினம் சிங்கராசாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவருடைய வாக்குமூலம் என்று சொல்லப்பட்டது சிங்களத்தில் தட்டச்சாகி, அவருடைய பெருவிரல் அடையாளம் அதில் வாங்கப்பட்டது. அந்தக் காகிதத்தை வைத்து 1995இல் 50 ஆண்டுச் சிறை; மேன்முறையீட்டில் 35 ஆனது. நியாயமான விசாரணை அவருக்குக் கிடைக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. இலங்கை உயர் நீதிமன்றம் 2006இல் அதை ஏற்க மறுத்தது. போர்க்காலத்தில் மொழிச் சட்டம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பெருவிரல்தான்.

சித்தப்பா ஏஜென்சி கொடுத்த வேறொருவர் பாஸ்போட்டில் கனடா வந்தார். அட்டை அப்பம்மாவிடம் இருந்தது. பிறகு தபாலில் வந்தது. அகதி விசாரணையில் முதல் கேள்வி, நீ யார் என்பது. சாவடியில் அவரை மறித்த அந்தத் தமிழ் வரிகள் இங்கே அவர் சொன்னதற்குச் சாட்சி சொல்லின. அவர் பேசியது தமிழில், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். கனடிய உரிமைச் சாசனத்தின் 14ஆம் பிரிவு அந்த மொழிபெயர்ப்பாளரை உரிமையாகத் தருகிறது. அகதிக் கோரிக்கையாளருக்கும் சாசனம் பொருந்தும், அவரை நேரில் கேட்க வேண்டும் என்ற வழி 1985 ஏப்ரல் 4ஆம் திகதி வந்த சிங் வழக்குத் தீர்ப்பில் திறந்தது.

ஆனால் இந்த நாடும் ஒரு காலத்தில் அட்டை கொடுத்துத்தான் ஆட்களைப் பிரித்தது. முதல் உலகப் போரில், பெரும்பாலும் உக்ரேனியர்களான ஏறத்தாழ 80,000 பேர் 'எதிரி நாட்டவர்' என்று பதியப்பட்டு, அடையாளப் பத்திரத்தோடு திரிந்தார்கள். 8,579 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ரொறன்ரோவின் ஸ்டான்லி பரக்ஸும் அவர்களை வைத்திருந்த இடம். 1918 செப்டெம்பரில் உக்ரேனிய, பின்னிஷ் மொழிகள் உட்படப் பல மொழிகளில் பத்திரிகை வெளியிடவும் தடை வந்தது.

ஒரு சாராரின் அட்டையில் மட்டும் தமிழ் எழுதினால் அது உரிமை ஆகாது; சண்டைக் காலத்தில் அது ஆளைப் பொறுக்கி எடுக்கத்தான் உதவும். எல்லோருடைய அட்டையிலும் எழுதியிருந்தால் சிப்பாய்க்கு அதில் பார்க்க ஒன்றும் இருந்திராது. இலங்கையில் அது போர் முடிந்து ஆண்டுகள் கழிந்த பிறகே நடந்தது. 2017இல் வந்த புதிய அட்டை எல்லோருக்கும் மூன்று மொழியில் வருகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய அட்டை இருக்கும். காலாவதியானது என்று எறிந்துவிடாதீர்கள். அதை எந்தச் சாவடியில், யாரிடம், எத்தனை தரம் நீட்டினீர்கள் என்பதை இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லி, எழுதியும் வையுங்கள்.