பனி கடிச்ச காலும் கிரிவலப் பாதையும்

இன்னைக்கு எபிசோட் ஃப்ராஸ்ட்பைட் பத்தி, அதாவது பனிக்கடி. திருவண்ணாமலை வெயில்ல உட்கார்ந்துகிட்டு இதை ஏன் பேசணும்? ரமணாசிரமம் பக்கம் ஒரு டீக்கடையில நின்னாலே போதும், இமயமலை போய்ட்டு வந்தவங்க ரெண்டு பேரையாவது பார்த்துடலாம். அங்கே விறைச்ச கால் இங்கே வந்தப்புறம் என்ன ஆகுது என்பதுதான் இன்றைய கதை.

முதலில் 1812. நெப்போலியன் படை ரஷ்யாவிலிருந்து பின்வாங்குது. தலைமை மருத்துவர் லாரே ஒன்றைக் கவனிக்கிறார்: உறைஞ்ச காலை நெருப்புப் பக்கத்தில் நீட்டியவர்களுக்கு கால் அழுகிப்போகுது. காரணம் எளிது. கால் மரத்துப்போனதால் சுடுவதே தெரியல. மறுநாள் நடக்கும்போது அதே கால் திரும்பவும் உறையுது. அதனால் அவர் சொன்ன வழி, பனியால் தேய்த்து மெதுவா சூடாக்குவது. முதல் பாதி சரியான கவனிப்பு, ரெண்டாவது பாதி தப்பான மருந்து. தேய்த்தால் திசு இன்னும் கிழியும். ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேல உலகம் அதைத்தான் பின்பற்றியது. 1960 வாக்கில் அலாஸ்காவில் வில்லியம் மில்ஸ் என்ற மருத்துவர் வெதுவெதுப்பான தண்ணீரில் வேகமாகச் சூடாக்குவதே நல்லது என்று நிறுவினார். இன்றைய கணக்கு 37 முதல் 39 டிகிரி செல்சியஸ்.

நம்ம நாட்டுக்கு இந்தப் பாடம் 1962-ல் வந்தது. சீனப் போரில் நம்காசூ ஆற்றங்கரைக்குப் போன வீரர்கள் பலர் பருத்திச் சீருடையும் கேன்வாஸ் ஷூவும்தான் போட்டிருந்தாங்க. குண்டடியோடு பனிக்கடியும் சேர்ந்துகொண்டது. 1984 முதல் சியாச்சினிலும் எதிரியைவிடக் குளிரும் உயரமும்தான் அதிக உயிர்களை எடுத்திருக்கு.

லேசான பனிக்கடியில் விரல் போகாது. தோல் கறுத்து உரிஞ்சு, அடியில் மெல்லிய புதுத்தோல் வரும். சில வாரத்தில் பார்க்க சரியான மாதிரி இருக்கும். ஆனால் மரத்த உணர்வும், கொஞ்சம் குளிர்ந்தாலே வரும் வலியும் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நீடிக்கும். அதாவது சர்வர் ஓடுது, அலர்ட் மட்டும் ஆஃப்ல இருக்கு.

அலர்ட் ஆஃப் ஆன காலைப் பத்தி உலகத்துக்குக் கத்துக்கொடுத்தது, திருவண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேலூர். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-ல் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுது என்றுதான் அப்போ எல்லாரும் நம்பினாங்க. அவர் பார்த்தது வேற. நோய் நரம்பைக் கெடுக்குது, வலி போயிடுது. பிறகு கல்லும் முள்ளும் சூடும் தெரியாமலே காலைக் காயப்படுத்துது. அதனால் அவரும் கூட இருந்தவங்களும் மெத்தென்ற எம்சிஆர் ரப்பர் செருப்பையும், தினமும் பாதத்தைக் கண்ணால் பார்க்கும் பழக்கத்தையும் சிகிச்சையாகவே ஆக்கினாங்க.

நோய் வேற, ஆனால் மரத்த காலுக்குப் பாடம் ஒன்றுதான். பனிக்கடி ஆறி வரும் காலுக்கு இறுக்கமில்லாத ஷூ, காய்ந்த சாக்ஸ், தோலுக்கு ஈரப்பதம் தரும் க்ரீம் வேணும். கொப்புளத்தை நீங்களே உடைக்காதீங்க. சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கும், விட்டுடுங்க. அந்தக் கால் மறுபடி உறையாமப் பார்த்துக்குங்க. சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல், கறுப்பு எதைப் பார்த்தாலும் உடனே டாக்டர்.

இப்போ கிரிவலம். 14 கிலோமீட்டர், பெரும்பாலும் வெறுங்கால். பகலில் தார் ரோடு கொதிக்கும். நல்ல கால் என்றால் சுட்டதும் ஓரமா ஒதுங்கும். மரத்த கால் ஒதுங்காது. லாரே பார்த்த அதே நெருப்பு, இங்கே தார் ரோடா கிடக்குது. அதனால் உணர்வு முழுசா திரும்பும் வரை வெறுங்கால் வேண்டாம். டாக்டர் சரின்னு சொன்னப்புறம் ராத்திரியில் மெத்தென்ற செருப்போடு போங்க, ஒவ்வொரு லிங்கத்துக்கிட்டயும் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பாருங்க. மலை எங்கேயும் போயிடாது, அடுத்த பௌர்ணமிக்கும் அங்கேயேதான் இருக்கும்.