உழைப்பும் ஒலியும்: மலையகத் தோட்டங்களிற் பணியிசை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் கூடி உழைக்கத் தொடங்கிய காலந்தொட்டு, உழைப்போடு இசையும் இணைந்தே வளர்ந்து வந்துள்ளது. ஜேர்மன் பொருளியலறிஞரான கார்ல் பூச்சர், உழைப்பும் தாளமும் பற்றி 1896ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உடலுழைப்பின் அசைவுகளிலிருந்தே தாளமும் பாட்டும் தோன்றின என்னும் கருத்தை விரிவாக ஆராய்ந்தார். இன்று பல்கலைக்கழக மாணவர் பலர் பாடலற்ற கருவியிசையைச் செவியில் ஒலிக்கவிட்டுக்கொண்டு படிக்கின்றனர். புதுமையாகத் தோன்றும் இவ்வழக்கமும் அந்நீண்ட வரலாற்றின் ஒரு கட்டமேயாகும். எனினும் உழைப்பைச் சூழ்ந்த ஒலிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அவ்வொலியை எழுப்புபவர் யார், அது யாருடைய நலனுக்காக எழுகின்றது என்னும் வினாக்களை மலையகத் தோட்டங்களை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபிலே தொழிலும் இசையும் பெற்றிருந்த உறவைத் தொல்காப்பியமே உணர்த்துகின்றது. அகத்திணையியல் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்குமிடத்து, தெய்வம், உணவு முதலியவற்றோடு பறையையும் தொழிலையும் யாழையும் அடுத்தடுத்து வைக்கின்றது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரைகாரர் வகுத்த பெயர்களை நோக்கின், நெல்லரிதலும் மீன் கொள்ளுதலும் ஆகிய தொழில்களே பறைக்குப் பெயராய் அமைந்தமை புலனாகும். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையிலே ஏர்மங்கலமும் முகவைப்பாட்டும் குறிக்கப்படுகின்றன. உலக்கைப் பாட்டாகிய வள்ளைப்பாட்டு அதே காப்பியத்தின் வாழ்த்துக் காதையில் இடம்பெறுகின்றது. இவை யாவும் உழைப்போர் தாமே எழுப்பிய ஒலிகள். உலக்கையின் வீழ்ச்சியே பாட்டுக்குத் தாளமாயிற்று.

கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தமிழகத்திலிருந்து மக்கள் மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது, அம்மரபும் அவர்களோடு கடல் கடந்தது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே தேயிலையைப் பயிரிட்டார். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலை நோயினாற் கோப்பி அழிந்தபின், தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. மஸ்கெலியாப் பகுதியும் அதன் எல்லையிலே சிவனொளிபாத மலையடியில் அமைந்த நல்லதண்ணியும் இம்மாற்றத்தினால் உருப்பெற்ற தேயிலை நிலங்களேயாம்.

தோட்டத்திலே பறை 'தப்பு' என்னும் பெயரோடு வாழ்ந்தது. மரவளையத்தின் மீது தோல் போர்த்தி, தீயிற் காய்ச்சிச் சுருதி கூட்டி, தடித்த குச்சியொன்றாலும் மெல்லிய நீண்ட குச்சியொன்றாலும் அடிக்கப்படுவது அக்கருவி. காமன் கூத்திலும் திருவிழாவிலும் இழவு வீட்டிலும் ஒலித்த அதே தப்பு, தோட்ட நிருவாகத்தின் கையிற் பிறிதொரு பணியையும் ஏற்றது. விடியுமுன் லயங்களிலே உறங்குவோரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கும் 'பிரட்டுத் தப்பு' அதுவாகும். கடிகாரமில்லாத குடும்பங்களுக்குத் துரையின் கடிகாரம் தப்பின் குரலிலே பேசிற்று எனலாம். தொழிலிலிருந்து பிறந்து தொழிலுக்குப் பெயர் கொடுத்த பறை, இங்கே தொழிலாளரைக் கட்டளைக்குட்படுத்தும் கருவியாகியது. அதனை அடித்தவரோ சாதியினால் தாழ்த்தப்பட்டவர். நிருவாகத்துக்கு இன்றியமையாத ஒலியை நாள்தோறும் எழுப்பியவருக்குச் சமுதாயத்திலே மதிப்புக் கிட்டவில்லை. இம்முரண்பாடு தோட்ட வரலாற்றிலே போதிய கவனம் பெறாதவொன்றாகும். காலப்போக்கில் தப்பின் இடத்தைப் பல தோட்டங்களிற் கொம்பும் சங்கும் பெற்றன. கருவி மாறினும் கட்டளை மாறவில்லை.

மலையேறியபின் நிலைமை வேறு. கொழுந்தெடுத்தல் ஏற்றமிறைத்தலையோ நாற்று நடுதலையோ ஒத்த தொழிலன்று. ஏற்றத்திலே பலர் ஒரே அசைவுக்குக் கட்டுப்படுவர்; அதனால் அவர்தம் பாட்டுக்குப் பொதுத்தாளம் உண்டு. கொழுந்தெடுக்கும் பெண்ணோ தன் நிரையிலே தனித்து நிற்கின்றாள். இரண்டு இலையும் ஓர் அரும்பும் எவையெனக் கண் தேர, இரு கைகளும் வெவ்வேறாக இயங்குகின்றன. கொழுந்தின் நிறையே அன்றைய 'பேரை'த் தீர்மானிப்பதால், விரைவும் அவரவருக்குரியதாகின்றது. இத்தகைய தொழிலுக்குப் பொதுத்தாளம் பொருந்துவதில்லை. இதனாலேயே மலையகத்துப் பாடல்களிற் கும்மியைப் போன்ற கூட்டுப் பாடல்களோடு, தனிக்குரலில் நீண்டொலிக்கும் தெம்மாங்கும் ஒப்பாரியும் தாலாட்டும் சிறந்து விளங்குகின்றன எனக் கொள்ளலாம். அவை கையை விரைவுபடுத்தப் பிறந்தவையல்ல. மனத்தின் சுமையை இறக்கப் பிறந்தவை. கங்காணியின் கொடுமையும் கடல் கடந்து வந்த துயரும் அவற்றிலே பதிவாயின.

இப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) முதன்மையானவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். அவர் திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இத்துறை ஆய்வாளருக்கு இன்றும் அடிப்படை நூலாகும். அவருக்கு முன்னரே கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் 1930களிலே பாட்டைத் தொழிற்சங்கப் பிரசாரத்தின் கருவியாகக் கையாண்டனர். மக்களுக்குப் பழகிய மெட்டுகளிலே உரிமைக் குரல் ஒலித்தது. கட்டளையொலிக்கு எதிரொலி அங்கே பிறந்தது எனில் மிகையாகாது.

மேலைநாட்டுத் தொழிற்சாலைகளிலோ வரலாறு வேறு வழியிற் சென்றது. இயந்திரத்தின் பேரோசை தொழிலாளரின் பாட்டை அடக்கிற்று. வெறுமையும் சலிப்பும் உற்பத்தியைப் பாதிப்பதைக் கண்ட முதலாளிகள், முன்னர் இல்லாதொழிந்த இசையைத் தாமே திரும்பக் கொணர்ந்தனர். போர்க்காலத் தேவையை முன்னிட்டுப் பி.பி.சி. வானொலி 1940ஆம் ஆண்டு யூன் மாதத்தில் 'வேலை செய்கையில் இசை' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. நாள்தோறும் இருமுறை, அரைமணி நேரம் வீதம் தொழிற்சாலை ஒலிபெருக்கிகளிலே அது ஒலித்தது. கேட்போர் கையிலிருந்த கருவிகளாலே தாளம் தட்டத் தூண்டிய பாட்டொன்று விலக்கப்பட்டதும் உண்டு. தொழிலாளர் இசையைக் கேட்கலாம்; அதிற் பங்குகொள்ளலாகாது என்பதே இதன் பொருள். அமெரிக்காவிலே 1934ஆம் ஆண்டில் தொடங்கிய 'மியூசாக்' நிறுவனமோ பின்னர், களைப்பு மிகும் வேளைகளை அளந்து, படிப்படியாக விரைவு கூடும் கருவியிசையை அலுவலகங்களுக்கு விற்றது. பிரட்டுத் தப்பு எழுப்பியது; மியூசாக் வருடிக்கொடுத்தது. இரண்டும் மேலிருந்து வந்தவையே.

நல்லதண்ணியிலே இன்னொரு வகை உழைப்பிசையையும் காணலாம். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையான யாத்திரைக் காலத்தில், 2243 மீற்றர் உயரமான சிகரத்தை நோக்கி ஆயிரக்கணக்கானோர் இவ்வூரினின்றும் படியேறுகின்றனர். சிங்கள யாத்திரிகர் ஒருவர் பாட மற்றையோர் ஏற்றுப் பாடும் நடைப்பாடல்களும் தமிழ் அடியாரின் அரோகரா முழக்கமும் மலைப்பாதையிற் கலக்கின்றன. எவரும் கட்டளையிடாமலே மூச்சுக்கும் அடிவைப்புக்கும் ஏற்ற தாளத்தை ஏறுவோர் தாமே அமைத்துக்கொள்கின்றனர். பூச்சர் கூறிய பழைய உறவு இங்கே அழியாது நிற்கின்றது.

இப்பின்னணியிலே கல்வி கற்கும் தோட்டத்து மாணவனின் நிலை சிந்தனைக்குரியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தபின், லயத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் வாயில் சிறிது திறந்தது. ஆயினும் படிப்பதற்குத் தனியிடம் கிடைக்கவில்லை. ஒற்றைச் சுவருக்கு அப்பால் அயலவரின் பேச்சும் வானொலியும் கேட்கும் அறையிலேயே அவர்கள் படித்தனர். உளவியலறிஞர்களான சலாமேயும் படெலியும் 1980களில் நடத்திய ஆய்வுகள், நினைவிற் கொள்ளவேண்டிய பணிக்கு வெறும் இரைச்சலைவிடப் பிறர் பேச்சே பெரிய இடையூறு என்பதையும், கருவியிசையைவிடப் பாட்டுடன் கூடிய இசை கூடுதலான இடையூறு செய்வதையும் காட்டின. பேசும் மொழி, வாசிக்கும் மொழியோடு போட்டியிடுவதே இதற்குக் காரணமெனக் கருதப்பட்டது. அமைதி கிட்டுமாயின் இசைக்குத் தேவையில்லை. அமைதி கிட்டாதவிடத்து, சொல்லற்ற இசை பிறர் பேச்சை மறைக்கும் ஒரு சுவராகின்றது. வசதியுள்ள வீட்டு மாணவனுக்கு அது சுவை. லய அறை மாணவனுக்கு அதுவே படிப்பறை.

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. உழைப்போர் தாமே எழுப்பிய ஒலி, உழைப்போரை எழுப்பிய ஒலி, உழைப்போரை இணங்கவைத்த ஒலி என மூவகையாக உழைப்பின் இசை வரலாறு விரிகின்றது. தாய் தப்பொலி கேட்டு எழுந்து பிரட்டுக்களத்துக்கு ஓடினாள். பிள்ளையோ தான் விரும்பிய ஒலியைத் தெரிந்தெடுத்துப் பாடநூலை விரிக்கின்றது. இவ்விரண்டுக்குமிடையே உள்ள தொலைவே மலையக மக்களின் விடுதலைக்கு ஓர் அளவுகோல். ஆனால் நெருக்கமான லயம் நிலைக்கும்வரை அத்தொலைவு முழுமையாகக் கடக்கப்பட்டதாகாது. இசைச் சுவரை நாடவேண்டிய தேவையற்ற வீடுகளை அம்மக்கள் பெறுவதும், தப்படித்த முதியோரின் அடிவகைகளும் நினைவுகளும் மறையுமுன் பதிவு செய்யப்படுவதும் ஒருங்கே நிகழவேண்டியவை. முன்னது சமுதாயத்தின் கடன். பின்னது பல்கலைக்கழகத்தின் கடன்.