மேதஸ் எப்போது கொலஸ்டிரால் ஆயிற்று?

குக்குலுவைப் பற்றிய கருத்தரங்கக் கட்டுரைகளில் ஒரு கூற்று தவறாமல் இடம்பெறுகிறது: சுஸ்ருதர் கொலஸ்டிராலை அறிந்திருந்தார் என்பது. வரலாறு பயில்வோர் இதை ஏற்பதற்கில்லை. பித்தக்கற்களிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தது 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பா. சுஸ்ருத சம்ஹிதை பேசுவது மேதஸ் என்னும் தாதுவைப் பற்றி. மிகை உணவாலும் உழைப்பின்மையாலும் அது பெருகி, உடலின் வழிகளை அடைக்கும் என்கிறது அந்நூல்.

இவ்விரண்டையும் இணைத்தவர் ஜி. வி. சத்தியவதி. 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில், மேதோரோக விளக்கத்தைத் தமனித் தடிப்பு நோயுடன் அருகருகே வைத்து வாசித்தார். பின்னர் முயல்களுக்குக் கொழுப்புணவு அளித்துக் குக்குலுப் பிசினைச் சோதித்தார். குருதிக் கொலஸ்டிரால் குறைந்தது. துவாரகாநாத், திரிபாதி ஆகியோருடன் எழுதிய கட்டுரை 1969இல் வெளிவந்தது. ஆக, மேதஸைக் கொலஸ்டிராலாகப் பெயர்த்தது ஓர் இருபதாம் நூற்றாண்டு ஆய்வுச் செயல். அதைச் சுஸ்ருதர் தலையில் ஏற்றுவது சத்தியவதியின் உழைப்பை மறைப்பதாகும். (நம் கடைகளில் கிடைக்கும் சால மரத்துக் குங்கிலியம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டா.)

லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பிசினின் எத்தில் அசிட்டேட் சாற்றைக் குகுலிப்பிட் என்னும் மருந்தாக்கியது. 1980களின் பிற்பகுதியில் அது சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் முதல் ஸ்டாட்டின் அனுமதி பெற்றதும் 1987இல்தான். 1989இல் வெளியான பல மைய ஆய்வு கொலஸ்டிரால் சராசரியாக 11 விழுக்காடும் டிரைகிளிசரைடு 16.8 விழுக்காடும் குறைந்ததாகக் கூறியது. ஆனால் அதன் இரட்டை மறைப்பு ஒப்பீடு குளோபைப்ரேட்டுடன் நடந்தது, வெற்று மாத்திரையுடன் அன்று. 1994இல் வெற்று மாத்திரையுடன் ஒப்பிட்ட 61 பேர் ஆய்வில் எல்டிஎல் 12.5 விழுக்காடு குறைந்தது.

2003இல் பென்சில்வேனியாவில் 103 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வு எதிர்மாறான விடை தந்தது: குக்குலு உண்டோருக்கு எல்டிஎல் 4 முதல் 5 விழுக்காடு ஏறியது, வெற்று மாத்திரை உண்டோருக்கு 5 விழுக்காடு இறங்கியது. சிலருக்குத் தோல் தடிப்பும் உண்டாயிற்று. உணவு வேறுபாடே காரணம் என்போர் உளர். இருக்கலாம், எனினும் அவ்விளக்கம் சோதித்து நிறுவப்படும்வரை ஊகமே. இந்திய எண்களை மட்டும் மேற்கோள் காட்டி 2003ஐ விட்டுவிடும் ஆய்வேடு முழுமையானதன்று.

இதற்கிடையே செடியின் கதை தனியே நடந்தது. கச்சிலும் ராஜஸ்தானத்திலும் வறண்ட நிலத்தில் மெல்ல வளரும் முட்புதர் அது. பிசினுக்காக அளவு மீறிக் கீறப்பட்ட செடிகள் பட்டுப்போயின. இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது அழிவின் விளிம்பிலுள்ள இனம்.