இன்டுக்கு எத்தனை பைட்?

சி மொழி கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டால், பல ஆண்டுகளாக முதலில் வரும் பதில் ஒன்றுதான்: கெர்னிகனும் ரிச்சியும் எழுதியது. அது புதியவர்களுக்குத் தலைக்கு மேலே போகும், நம்மூர்ப் பேராசிரியர் எழுதியதே போதும் என்று உடனே மறுப்பும் வரும். எளிதா கடினமா என்பதில்தான் இந்தச் சண்டை முழுக்க நடக்கிறது. சி பாடநூல்களின் கதையைப் புரட்டினால், அளவுகோலே தவறு என்றுதான் எனக்குப் படுகிறது. நூலாசிரியர் யாரை எதிரே உட்காரவைத்து, அவர் முன்னால் எந்தக் கணினியை வைத்து எழுதினார், அதை வாசகரிடம் ஒளிக்காமல் சொன்னாரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1978இல் வந்த அந்த நூலின் முதல் பதிப்பு 228 பக்கம்தான். டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கியவர். பிரையன் கெர்னிகன் அதற்கு முந்தைய பி மொழிக்கே ஓர் அறிமுகக் கையேடு எழுதியிருந்தவர். இருவரும் பெல் ஆய்வகத்துக்காரர்கள். மாறி, சுழற்சி என்றால் என்னவென்று ஏற்கெனவே அறிந்தவருக்கே இந்த நூல் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்கள். 'ஹலோ வேர்ல்டு' என்று திரையில் அச்சிடும் புகழ்பெற்ற முதல் நிரல் மொழியைக் கற்பிக்க வந்ததல்ல. நிரலைத் தட்டச்சு செய்ய, கம்பைல் செய்ய, ஓட்ட, விடை எங்கே போய் விழுந்தது என்று கண்டுபிடிக்க வழி தெரிகிறதா என்று சோதிக்க வந்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் சிசி என்று கட்டளையிட்டால் ஏ.அவுட் என்ற கோப்பு கிடைக்கும். மற்ற இடங்களில் விதி வேறு, அங்கே விவரம் தெரிந்தவரைக் கேட்டுக்கொள் என்று நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. பிடிபி-11, ஹனிவெல் 6000, ஐபிஎம் 370, இன்டர்டேட்டா 8/32 என நான்கு கணினிகள். இன்ட் என்ற முழு எண் வகைக்கு முதலாவதில் 16 பிட், இரண்டாவதில் 36, மற்ற இரண்டிலும் 32. கேரக்டருக்குக்கூட ஹனிவெல்லில் 8 அல்ல, 9 பிட். அந்த அட்டவணையைப் பார்த்தவர் இன்டின் அளவு இவ்வளவுதான் என்று ஒருநாளும் அடித்துச் சொல்லமாட்டார். யூனிக்ஸுக்கே உரிய சங்கதிகளையோ எட்டாம் அத்தியாயத்தில் தனியே கட்டிவைத்தார்கள். 1988இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஃபங்ஷன்களை எழுதும் முறை மாறியது. இந்தப் பிரிவினை மாறவில்லை.

இந்தியக் கல்லூரிகளுக்குச் சி பரவலாக வந்து சேர்ந்தபோது பெரும்பாலான லேப்களில் இருந்தது டாஸ் இயங்குதளம் ஓடும் பிசி. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் யூனிக்ஸ் அறிந்தவர் இல்லை. 1987இல் போர்லாண்ட் வெளியிட்ட டர்போ சி கம்பைலர் சில ஃபிளாப்பிகளில் அடங்கும், சிறிய கணினியிலும் ஓடும். யஷவந்த் கனேத்கரின் 'லெட் அஸ் சி'யும், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரான பாலகுருசாமியின் நூலும் நிரப்பிய இடம் உண்மையான வெற்றிடம். அவற்றை 'கைடு' என்று இளக்காரமாகப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அந்தக் காலத்து வகுப்பறைச் சி ஒரு குறிப்பிட்ட திரையோடு ஒட்டிப் பிறந்தது. டர்போ சியில் நிரல் முடிந்த கணமே விடை மறைந்து எடிட்டர் திரும்பிவிடும். அதைத் தடுக்கக் கடைசி வரியில் கெட்ச் என்ற ஃபங்ஷனைப் போட்டு, ஒரு விசை அழுத்தும்வரை காக்கவைத்தார்கள். மறுபடி ஓட்டினால், போன தடவை விடை வெளியீட்டுத் திரையில் அப்படியே கிடக்கும். அதை அழிக்க முதலில் கிளியர் ஸ்கிரீன். இரண்டும் கோனியோ என்ற டாஸ் தலைப்புக் கோப்பிலிருந்து வந்தவை, சி மொழியின் உடைமை அல்ல. மெயின் ஃபங்ஷனுக்கு முன்னால் வாய்டு என்று எழுதும் வழக்கமும் 1989ஆம் ஆண்டுத் தரநிலை சொன்னதல்ல. ஆனாலும் ரெக்கார்டு நோட்டில் நிரலுக்கு நிரல் இவை பிள்ளையார் சுழிபோல ஏறின. வாய்மொழித் தேர்வான வைவாவில் இன்டுக்கு எத்தனை பைட் என்றால் இரண்டு என்பதுதான் சரியான விடையாக இருந்தது. இப்படிப் பழகிய மாணவர் லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் முன்னால் உட்கார்ந்தால், கோனியோ என்ற கோப்பே இல்லை என்று தொடக்கத்திலேயே பிழை வரும். இன்டோ நான்கு பைட்.

தொடக்கக்காரருக்கு நான்கு கணினிகளைக் காட்டிக் குழப்பலாமா, ஒன்றைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பதுதானே நல்லது என்று கேட்கலாம். நல்லதுதான். கெர்னிகனும் ரிச்சியும்கூட யூனிக்ஸைத்தானே பிடித்துக்கொண்டார்கள். 'இந்தக் கெட்ச் இந்தத் திரைக்காக மட்டும்' என்று ஒரு வாக்கியம் எழுதினால் யாரும் குழம்பமாட்டார்கள். அந்த ஒரு வாக்கியம் எழுதப்படாத வகுப்பில் பழக்கமே இலக்கணமாகிவிடுகிறது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: நூலைத் தேர்ந்தெடுப்பது மாணவரா என்ன? பாடத்திட்டத்தில் பெயர் வந்த நூலை நூலகம் வாங்கும், வினாத்தாள் அதைப் பார்த்துத் தயாராகும், விடைத்தாள் அதை வைத்துத் திருத்தப்படும். இதற்கு என்னிடம் பதில் இல்லை. கெர்னிகன்–ரிச்சியை வாங்கு என்ற அறிவுரை பலமுறை வீணானதற்குக் காரணம் அந்த நூலின் கடினம் அல்ல, அதைப் படித்து, இன்டின் அளவு கணினியைப் பொறுத்தது என்று எழுதியவருக்கு மார்க் போயிருக்கும் என்பதுதான். தவிர, அந்த நூலும் மூப்புக்குத் தப்பவில்லை. அது விளக்கும் கெட்ஸ் ஃபங்ஷன் எத்தனை எழுத்து வந்தாலும் எல்லை பாராமல் வாங்கிக்கொள்ளும். ஆபத்து என்று 2011ஆம் ஆண்டுத் தரநிலை அதை நீக்கியேவிட்டது.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் 2019இலிருந்து பைத்தான் படிக்கிறார்கள். அதில் முழு எண்ணுக்கு நிலையான அளவே கிடையாது, நினைவகம் இடம்கொடுக்கும்வரை வளரும். பழைய வைவா கேள்விக்கு அங்கே வேலையில்லை. ஆனால் பைத்தானின் ஊடாடும் சாளரம் ஒவ்வொரு புதிய கட்டளைக்கு முன்னும் மூன்று கோணக்குறிகளைக் காட்டுகிறது. அவை நிரலின் பகுதியல்ல, அடுத்த கட்டளையைத் தட்டச்சு செய் என்ற அழைப்பு. கடையில் பைத்தான் நூல் ஒன்றைக் கையில் எடுப்பவர், அந்தக் குறிகள் முதன்முதலில் தோன்றும் பக்கத்தைத் திறந்து, இதை அது சொல்லியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.